உலோகம் எவ்வளவு தாங்கும்? கோட்பாட்டு வலிமையும் கணினிக் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அபிஷேகப்பட்டி பக்கம் எம்.எஸ்சி. இயற்பியலும் மெக்கானிக்கலும் படிக்கிற பிள்ளைகள் புராஜெக்ட் சமயத்தில் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. பிளஸ் ஒன் இயற்பியலில் படித்த தகைவு, திரிபு, யங் குணகம், விறைப்புக் குணகம் நினைவில் இருந்தால் போதும், மீதியை இங்கேயே பிடித்துக்கொள்ளலாம். மென்பொருள் தருகிற எண்ணை அப்படியே அறிக்கையில் ஒட்டிவிட்டுப் போவதுதான் இதில் பெரிய ஆபத்து. அந்த எண் எந்தக் கேள்விக்கு விடை என்று தெரிந்துகொண்டு எழுத வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

கோட்பாட்டு வலிமை என்றால் என்ன?

ஒரு குறையும் இல்லாத உலோகப் படிகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அணு விட்டுப்போன இடம் கிடையாது, அந்நிய அணு கிடையாது, வரிசை எங்கும் பிசகவில்லை, மேற்பரப்பில் கீறல்கூட இல்லை. அதை முழுதும் ஒரே சீராக இழுத்தாலோ சறுக்கினாலோ, எந்தத் தகைவில் அந்த அணிக்கோவை தன்னைத் தானே தாங்க முடியாமல் நிலைகுலைகிறதோ, அதுதான் அதன் கோட்பாட்டு வலிமை. இலட்சிய வலிமை என்றும் சொல்வார்கள். அந்த உலோகம் எந்த நிலையிலும் தாண்ட முடியாத உச்சவரம்பு அது.

இதற்குக் கணினி எதற்கு? பேனாவால் போட முடியாதா?

முடியும், 1926லேயே போட்டுவிட்டார்கள். ரஷ்ய இயற்பியலாளர் யாக்கவ் ஃப்ரெங்கெல், ஓர் அணுத்தளம் அடுத்த தளத்தின் மேல் சறுக்கும்போது எதிர்ப்பு ஒரு சைன் அலை போல ஏறி இறங்கும் என்று வைத்துக்கொண்டார். சறுக்கும் அடி நீளம் b, தளங்களுக்கு இடையிலான தூரம் d, விறைப்புக் குணகம் G என்றால், அதிகபட்சத் தகைவு Gb/2πd என்று வரும். b-யும் d-யும் சமம் என்று வைத்தால் G-இல் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு.

செம்பின் விறைப்புக் குணகம் சுமார் 48 ஜிகாபாஸ்கல். ஆறில் ஒரு பங்கு என்றால் 7 ஜிகாபாஸ்கலுக்கு மேல். ஒரு ஜிகாபாஸ்கல் என்பது ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழ 100 கிலோ எடை. ஆனால் நன்றாகப் பதப்படுத்திய (அதாவது சூடாக்கி ஆறவிட்ட) தூய செம்பின் ஒற்றைப் படிகம் 1 மெகாபாஸ்கல் அளவிலேயே சறுக்கத் தொடங்கிவிடும். ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம்! சைன் அலையைத் திருத்தி, G-இல் முப்பதில் ஒரு பங்கு என்று குறைத்துப் பார்த்தாலும் இந்தப் பள்ளம் தூரவில்லை.

அப்படியானால் நிஜச் செம்பு ஏன் இவ்வளவு மிருதுவாக இருக்கிறது?

தளம் முழுதும் ஒரே நேரத்தில் சறுக்குவதில்லை என்பதுதான் பதில். படிகத்துக்குள் அணு வரிசை பிசகிய கோடுகள் இருக்கின்றன. அவற்றுக்கு டிஸ்லொகேஷன் என்று பெயர். 1934இல் டெய்லர், ஒரோவான், பொலானி மூவரும் தனித்தனியாக இந்த விளக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கல்யாண மண்டபத்தில் விரித்த பெரிய ஜமுக்காளத்தை மொத்தமாக இழுத்தால் நகராது, ஒரு ஓரத்தில் மடிப்பு எழுப்பி அந்த மடிப்பைத் தள்ளிக்கொண்டே போனால் ஜமுக்காளமும் நகர்ந்துவிடும் அல்லவா? டிஸ்லொகேஷன் அந்த மடிப்பு. 1956இல் கேம்பிரிட்ஜில் ஹிர்ஷ், ஹோர்ன், வீலன் மூவரும் அலுமினியத் தகட்டுக்குள் இந்தக் கோடுகள் நகர்வதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தே விட்டார்கள்.

இதைக் கையால் உணர வேண்டுமா? மோட்டார் காயில் கட்டுகிற கடையில் 14 கேஜ் செம்புக் கம்பி ஒரு முழம் வாங்குங்கள். எனாமலைச் சுரண்டிவிட்டு, கேஸ் அடுப்பில் நடுப்பகுதி சிவக்கும்வரை காட்டி ஆறவிடுங்கள். இப்போது விரலால் வளையுங்கள், வெண்ணெய்யாக வளையும். அப்புறம் அதே இடத்தில் நிமிர்த்திப் பாருங்கள். வளைந்த இடம் பிடிவாதமாக அப்படியே நிற்கும், அதன் இரண்டு பக்கமும்தான் கம்பி வளைந்துகொடுக்கும். முதல் முறை வளைத்தபோதே அந்த இடத்தில் டிஸ்லொகேஷன்கள் பெருகி, ஒன்றை ஒன்று மறித்துக்கொண்டு, நகர முடியாமல் நிற்கின்றன. பதப்படுத்திய உலோகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் இந்தக் கோடுகளின் மொத்த நீளம் 10 கிலோமீட்டர் அளவில் இருக்கலாம். கடுமையாக அடித்து வளைத்த உலோகத்தில் அது 10 லட்சம் கிலோமீட்டரைத் தொடும். மறுபடி அடுப்பில் காட்டினால் கோடுகள் குறைந்து கம்பி பழையபடி மிருதுவாகிவிடும்.

அந்த உச்சவரம்பை யாராவது நிஜமாகத் தொட்டிருக்கிறார்களா?

நெருங்கியிருக்கிறார்கள். மயிரிழை போன்ற உலோகப் படிகங்கள் உண்டு, விஸ்கர் என்பார்கள். 1952இல் ஹெர்ரிங்கும் கால்ட்டும் வெள்ளீய விஸ்கர்களின் அசாதாரண வலிமையைக் காட்டினார்கள். 1956இல் பிரென்னர் இரும்பு விஸ்கர் ஒன்றை இழுத்துப் பார்த்தபோது அது சுமார் 13 ஜிகாபாஸ்கல் வரை தாங்கியது. அதே வலிமை ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமனில் கிடைத்தால், ஒரு கம்பியில் 1,300 கிலோ தொங்கவிடலாம். உள்ளே டிஸ்லொகேஷன் அநேகமாக இல்லாத அளவுக்கு அது மெல்லியது என்பதே காரணம். நுண்ணிய வைர முனையால் படிகத்தை அழுத்தும் சோதனையிலும் முதல் டிஸ்லொகேஷன் பிறக்கும் கணத்தில் உள்ளூர்த் தகைவு கோட்பாட்டு வலிமைக்குப் பக்கத்தில் போகிறது.

கணினியில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

மிகச் சரியான வழி, எலக்ட்ரான்களிலிருந்து தொடங்குவது. 1964இல் ஹோஹென்பெர்க்கும் கோனும், 1965இல் கோனும் ஷாமும் போட்ட அடித்தளத்தின் மேல் நிற்கிற டி.எஃப்.டி. (டென்சிட்டி ஃபங்ஷனல் தியரி) முறை அது. அளந்த வலிமை எதையும் உள்ளே கொடுக்க வேண்டியதில்லை. எந்தத் தனிமம், அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று சொன்னால் போதும், மொத்த ஆற்றலையும் தகைவையும் அது தரும். இதற்கான மென்பொருள்களில் குவாண்டம் எஸ்ப்ரெசோ இலவசம், வாஸ்ப் உரிமம் வாங்க வேண்டியது. மாணவருக்கு முதலாவது தாராளம்.

குறையில்லாத படிகம் என்பதால் பெரிய மாதிரி தேவையில்லை என்பது இதில் பெரிய சௌகரியம். அலுமினியத்துக்கு ஒரே அணு உள்ள அலகுக்கூடு போதும், அது எல்லாத் திசையிலும் திரும்பத் திரும்ப வருவதாக மென்பொருள் எடுத்துக்கொள்ளும். முதலில் திரிபில்லாத நிலையில் கூட்டின் அளவைக் கண்டுபிடியுங்கள். அலுமினியத்துக்கு 4.05 ஆங்ஸ்ட்ராம் பக்கத்தில் வர வேண்டும், செம்புக்கு 3.61. வரவில்லை என்றால் மேலே போகாதீர்கள்.

அப்புறம் 1 அல்லது 2 சதவீதப் படிகளில் கூட்டைச் சறுக்குங்கள் அல்லது நீட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் மற்ற திசைகளைத் தளர விட வேண்டும், அதாவது இழுக்கும் திசையைத் தவிர மற்ற எல்லாத் தகைவும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும்வரை கூட்டின் வடிவத்தை மாற்ற வேண்டும். மாணவர்கள் தாண்டிப்போகிற படி இதுதான். தளர விடாமல் போட்டால் வலிமை கூடுதலாகத் தெரியும். ஒவ்வொரு படியிலும் கிடைத்த ஆற்றலைத் திரிபுக்கு எதிராக வரைந்து, அதன் சரிவைக் கூட்டின் கன அளவால் வகுத்தால் தகைவு. மென்பொருளே தருகிற தகைவோடு இதை ஒப்பிட்டால் உங்கள் கணக்கு சரியா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அலகில் கவனம் வேண்டும். ஒரு கன ஆங்ஸ்ட்ராமுக்கு 1 எலக்ட்ரான் வோல்ட் என்பது 160.2 ஜிகாபாஸ்கல். குவாண்டம் எஸ்ப்ரெசோ கிலோபாரில் எழுதும், 10 கிலோபார் ஒரு ஜிகாபாஸ்கல். லாம்ப்ஸ் மென்பொருளின் மெட்டல் அலகில் பார், 10,000 பார் ஒரு ஜிகாபாஸ்கல், அதுவும் இழுக்கும்போது குறி எதிர்மறையாக வரும்.

சறுக்கும் திசையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. செம்பு, அலுமினியம் போன்ற முகப்பு மையக் கனசதுர உலோகங்களில் 111 தளத்தின் மேல் 112 வகைத் திசையில் சறுக்க வேண்டும் (இந்த மூன்றிலக்கக் குறிகள் படிகத்துக்குள் ஒரு தளத்தையோ திசையையோ அடையாளம் காட்டுபவை). அந்தத் திசையில் முன்னே போவதும் பின்னே போவதும் ஒன்றல்ல. ஒரு பக்கம் போனால் மேல்தளத்து அணுக்கள் பள்ளத்திலிருந்து பக்கத்துப் பள்ளத்துக்கு இடுக்கு வழியாகப் போகும். எதிர்ப்பக்கம் போனால் நேராக இன்னொரு அணுவின் தலைமேல் ஏறும். இரண்டாவதைப் போட்டுவிட்டு, மிகப் பெரிய எண் வந்துவிட்டதே என்று மகிழ்ந்துபோகிறவர்கள் உண்டு.

அலுமினியம் செம்பைவிட வலிமையானது என்று கணக்கு சொல்கிறது. தப்பு செய்துவிட்டேனா?

இல்லை. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த முடிவே இதுதான்.

2002இல் ஒகாட்டா, லி, யிப் மூவரும் இதைத்தான் வெளியிட்டார்கள். முழுதும் தளர விட்ட கணக்கில் அலுமினியத்தின் சறுக்கு வலிமை 2.84 ஜிகாபாஸ்கல், செம்பினுடையது 2.16. இத்தனைக்கும் அந்தச் சறுக்குத் திசையில் செம்பின் விறைப்பு சுமார் 31 ஜிகாபாஸ்கல், அலுமினியத்தினுடையது சுமார் 25 தான். ஆரம்பத்தில் செம்புதான் அதிகம் முறைக்கிறது. ஆனால் 0.14 அளவுத் திரிபிலேயே அது உச்சிக்குப் போய்த் தளர்ந்துவிடுகிறது. அலுமினியம் 0.2 வரை விடாமல் தாங்குகிறது.

ஃப்ரெங்கெல் சூத்திரத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். இந்தச் சறுக்கில் b/d-யின் மதிப்பு 0.707. அலுமினியத்துக்குச் சூத்திரம் தருவது சுமார் 2.9, டி.எஃப்.டி. எண்ணுக்கு ஒட்டியே வருகிறது. செம்புக்குத் தருவது 3.5, நிஜக் கணக்கைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அதாவது விறைப்புக் குணகம் தெரிந்துவிட்டது என்பதற்காக வலிமை தெரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. குணகம் வளைகோட்டின் தொடக்கச் சரிவை மட்டும் சொல்கிறது, வலிமை அந்த வளைகோடு எவ்வளவு தூரம் போகிறது என்பதையும் சேர்த்தது.

காரணம் எலக்ட்ரான்களில் இருக்கிறது. செம்பில் எலக்ட்ரான் அடர்த்தி அணுவைச் சுற்றி ஏறக்குறைய உருண்டையாக இருக்கிறது, அணுக்கள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அது பெரிதாகக் கவலைப்படுவதில்லை. அலுமினியத்திலோ அணுக்களுக்கு நடுவே சில இடங்களில் அடர்த்தி திரண்டு, பிணைப்புக்கு ஒரு திசை இருக்கிறது. அந்தத் திசை கலைய நேரம் எடுக்கிறது, அதனால் நீண்ட தூரம் எதிர்க்கிறது. அணுக்களை வெறும் பந்துகளாக வைத்துப் போடும் கணக்கில் இது கிடைக்காது.

அதற்காக அலுமினியப் பாத்திரம் செம்புப் பாத்திரத்தைவிட உறுதி என்று யாரும் எழுதிவிட வேண்டாம். பாத்திரத்தில் பேசுவது டிஸ்லொகேஷன், இந்த எண் அல்ல.

இரும்புக்குப் போட்டால் படிகமே நிற்க மாட்டேன் என்கிறதே?

காந்தத்தன்மையை இயக்க மறந்திருப்பீர்கள். இரும்பின் பொருள் மையக் கனசதுர அமைப்பைத் தாங்கிப் பிடிப்பதே அதன் காந்தத்தன்மைதான். ஸ்பின்னை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் இரும்பு வேறொரு அமைப்பையே விரும்பும். எல்.டி.ஏ. என்ற பழைய தோராயம் ஸ்பின்னைச் சேர்த்தாலும் தப்பான அமைப்பைத்தான் சொல்லும், ஜி.ஜி.ஏ. வகை எடுங்கள்.

சரியாகப் போட்டால், 001 திசையில் இழுக்கும்போது சுமார் 12.7 ஜிகாபாஸ்கல் வரும். 111 திசையில் இழுத்தால் சுமார் 27. ஒரே இரும்பு, திசை மாறினால் இரண்டு மடங்கு. 001 திசையில் நீட்டிக்கொண்டே போனால் கூடு படிப்படியாக முகப்பு மையக் கனசதுரமாக மாறிவிடும், இதற்குப் பெயின் பாதை என்று பெயர். அந்த இடத்தில் சமச்சீர் காரணமாகவே தகைவு பூஜ்யமாக வேண்டும், எனவே அதற்கு முன்பே உச்சி வந்துதான் தீரும். டங்ஸ்டனுக்கும் இதே பாதைதான், அங்கே உச்சி 29 ஜிகாபாஸ்கல் பக்கம். பிரென்னரின் இரும்பு விஸ்கர் 111 திசையில் இழுக்கப்பட்டது. அதனால் அது தொட்டது வரம்பில் ஏறத்தாழ பாதி என்றுதான் சொல்ல வேண்டும், 12.7-ஐ வைத்து ஒப்பிட்டு வரம்பையே தொட்டுவிட்டது என்று எழுதக் கூடாது.

தகைவு வளைகோட்டின் உச்சிதான் வலிமையா?

எப்போதும் அல்ல. உச்சிக்குப் போவதற்கு முன்பே படிகம் வேறு வழியில் நிலைகுலையலாம். கனசதுரப் படிகத்துக்கு போர்ன் சொன்ன நிபந்தனைகள் மூன்று: C11 − C12, C44, C11 + 2C12 ஆகிய எல்லாமே பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும் (C என்பவை படிகத்தின் மீட்சிக் குணகங்கள்). இவை திரிபும் சுமையும் இல்லாத படிகத்துக்கானவை, சுமை ஏறிய படிகத்துக்கு அதற்கேற்பத் திருத்திய வடிவத்தை எடுக்க வேண்டும். அதுவும் போதாது, அணிக்கோவையின் அதிர்வுகளையும் பார்க்க வேண்டும். அலுமினியத்தில் இழுத்தாலும் சறுக்கினாலும் சில அதிர்வுகள் உச்சிக்கு முன்பே நிலைகுலைகின்றன என்று 2003இல் வெளியான கணக்கு காட்டியது. எம்.எஸ்சி. புராஜெக்டில் அதிர்வுக் கணக்குக்கு நேரம் இருக்காது. அப்படியானால் கிடைத்த எண்ணை உச்சவரம்பு என்று மட்டும் குறிப்பிடுங்கள்.

இன்னொன்று. மென்பொருள் தொடக்கத்தில் இருந்த சமச்சீரை விடாமல் காப்பாற்றும். கூடு பக்கவாட்டில் சரிந்து தப்பிக்க நினைத்தாலும் விடாது. ஒவ்வொரு படியிலும் மிகச் சின்ன கோணலைக் கொடுத்து, அது தானாக மறைகிறதா வளர்கிறதா என்று பாருங்கள்.

டி.எஃப்.டி. வேண்டாம், அணுக்கள் ஓடுகிற படம் வேண்டும் என்கிறார் கைடு. எம்.டி. செய்யலாமா?

செய்யலாம். ஆனால் அது வேறு கேள்வி. மூலக்கூறு இயங்கியலில் எலக்ட்ரான்கள் இல்லை, அணுக்களுக்கு இடையே ஒரு பொட்டென்ஷியலை (விசையைத் தரும் சூத்திரத்தை) கொடுத்து நியூட்டன் விதிப்படி ஓட விடுகிறோம். திரவ ஆர்கானுக்கு 864 அணுக்களை வைத்து 1964இல் இதைச் செய்து காட்டிய அனீசுர் ரஹ்மான் ஹைதராபாத்தில் பிறந்தவர். உலோகங்களுக்கு 1984இல் டாவும் பாஸ்கெஸும் கொடுத்த ஈ.ஏ.எம். வகைப் பொட்டென்ஷியல்கள் இன்றும் ஓடுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை திரிபில்லாத நிலைக்குப் பக்கத்தில் பொருத்தப்பட்டவை. 15 சதவீதத் திரிபில் அவை சொல்வதை டி.எஃப்.டி.யோடு ஒப்பிடாமல் நம்பக் கூடாது.

செம்பில் 20 × 20 × 20 அலகுக்கூடு எடுத்தால் 32,000 அணுக்கள், பக்கத்துக்கு 7.2 நானோமீட்டர். ஒரு கன மில்லிமீட்டர் செம்பில் இருப்பதோ 8-க்குப் பின்னால் 19 பூஜ்யம் போட்டதற்கும் மேற்பட்ட அணுக்கள். நேரத்திலும் இதே நெருக்கடி. ஒரு படி 1 ஃபெம்டோ வினாடி என்றால், 10 லட்சம் படி ஓடினால் 1 நானோ வினாடி. அதற்குள் 10 சதவீதம் நீட்ட வேண்டும் என்றால் திரிபு வேகம் வினாடிக்கு 10 கோடி. சோதனைக்கூட இயந்திரம் இழுப்பது வினாடிக்கு 0.001 என்ற அளவில். நீங்கள் படத்தில் பார்ப்பது 10,000 கோடி மடங்கு வேகத்தில் நடக்கிற இழுப்பு. டிஸ்லொகேஷன் பிறக்க அவகாசமே இல்லாததால் வலிமை கூடுதலாகத் தெரியும்.

எம்.டி. அருமையாகக் காட்டுவது பிறப்பைத்தான். ஓவிட்டோ என்ற காட்சி மென்பொருளில் திறந்து, சரியான வரிசையில் உள்ள அணுக்களை மறைத்துவிட்டுப் பாருங்கள். மேற்பரப்பைத் தவிர திரை காலியாக இருக்கும். இழுத்துக்கொண்டே போக, ஒரு படியில் மேற்பரப்பின் மூலையிலிருந்து மெல்லிய தகடு போல ஒன்று கிளம்பிக் குறுக்கே ஓடும். அதே படியில் தகைவு செங்குத்தாக விழும்.

என்ன கணினி வேண்டும்?

ஓரணுக் கூட்டுக்கு உபுண்டு போட்ட சாதாரண லேப்டாப் போதும். 32,000 அணு எம்.டி.யும் அதிலேயே ஓடும், ராத்திரி விட்டுவிட்டுப் படுக்கலாம். கரண்ட் போகிற ஊர் என்றால் ரீஸ்டார்ட் ஃபைலை அடிக்கடி எழுதச் சொல்லுங்கள். பெரிய கணக்குக்குத் திருச்சி என்.ஐ.டி.யில் 2022இல் வந்த பரம் பொருள் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறது, தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் நிறுவியது, 838 டெராஃப்ளாப்ஸ்.

கம்பிக் கடை அண்ணாச்சி 500டி என்கிறார். அந்த எண்ணுக்கும் இதற்கும் என்ன உறவு?

அது மெகாபாஸ்கலில். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் வரை கம்பி நிரந்தரமாக நீளாது என்பதற்கு உத்தரவாதம். இரும்பின் 001 திசை வரம்போடு வைத்தால் 25-இல் ஒரு பங்கு. இதைக் குறை என்று நினைக்கக் கூடாது. 'டி' என்கிற எழுத்து நீட்சித் தன்மையைக் குறிக்கிறது. பாரம் மீறினால் அந்தக் கம்பி முதலில் நீளும், காங்கிரீட்டில் விரிசல் விழும், வீட்டில் இருப்பவர்களுக்கு வெளியேற நேரம் கிடைக்கும். டிஸ்லொகேஷன் இல்லாத கம்பி கடைசி நொடிவரை அசையாமல் நின்று, வரம்பைத் தாண்டியதும் முன்னறிவிப்பின்றிப் போய்விடும்.

ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது கிடைத்த மெல்லிய தங்க நெற்றிப்பட்டங்களை நினைத்துப் பாருங்கள். தங்கத்தை அவ்வளவு மெல்லியதாகத் தட்ட முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு அடியிலும் டிஸ்லொகேஷன்கள் நகர்ந்து கொடுத்ததுதான்.

கூடங்குளம், மகேந்திரகிரி மாதிரி இடங்களுக்கு இது பயன்படுமா?

இலட்சிய வலிமையை நேரடியாக வைத்து யாரும் கொதிகலனோ ராக்கெட் தொட்டியோ வடிவமைப்பதில்லை. ஆனால் இதே கருவிகள் பதில் சொல்லும் கேள்விகள் அங்கே நிறைய. அணு உலையின் எஃகுக் கலனில் நியூட்ரான் மோதினால் ஓர் அணு தெறித்து, வரிசையாக மற்றவற்றையும் தெறிக்க வைக்கும். பல வருஷத்தில் எஃகு நொறுங்கும் தன்மை பெறும். செம்பில் இப்படித் தெறிப்பதை வின்யார்ட் குழு 1960லேயே கணினியில் ஓட்டிக் காட்டியது.

மகேந்திரகிரியில் சோதிக்கிற கிரையோஜெனிக் என்ஜின்களின் எரிபொருளான திரவ ஹைட்ரஜன் −253 டிகிரி செல்சியஸில் இருக்கும். அந்தக் குளிரில் சாதாரண எஃகு கண்ணாடி போல உடையும், ஏனென்றால் பொருள் மையக் கனசதுரத்தில் ஒரு வகை டிஸ்லொகேஷன் நகர வெப்பத்தின் உதவி தேவை. முகப்பு மையக் கனசதுர அலுமினியக் கலவைகளிலும் ஆஸ்டெனிட்டிக் எஃகிலும் அந்தத் தடை மிகக் குறைவு. எந்த உலோகம் எந்தக் குளிருக்கு ஆகும் என்பது இப்படி அணு அடுக்கிலிருந்தே தொடங்குகிறது.

அறிக்கையில் தவறாமல் எழுத வேண்டியவை?

எந்தத் தளம், எந்தத் திசை, தளர விட்டதா இல்லையா, எந்தத் தோராயம் அல்லது பொட்டென்ஷியல், வெப்பநிலை, எம்.டி. என்றால் திரிபு வேகம். டி.எஃப்.டி. என்றால் கே-புள்ளிகளின் (எலக்ட்ரான் அலைகளைக் கணக்கிட எடுக்கும் மாதிரிப் புள்ளிகளின்) எண்ணிக்கையையும் கட்ஆஃப் ஆற்றலையும் (எந்த ஆற்றல் வரையுள்ள அலைகளைச் சேர்ப்பது என்ற வரம்பையும்) கூட்டிப் பார்த்தபோது விடை எவ்வளவு மாறியது என்று ஒரு வரைபடம். உலோகங்களில் கே-புள்ளிகளைக் குறைத்தால் தகைவு கன்னாபின்னாவென்று குதிக்கும். வைவாவில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.